அம்மாவின் குதிகாலில் கறுப்புத் திட்டு

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. வலது குதிகாலில் ஒரு வருடமாகக் கறுப்புத் திட்டு இருக்கிறது, இப்போது கொஞ்சம் பரவியிருக்கிறது. வலி இல்லை. முள் குத்திய இடம் என்கிறார். பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு தடவச் சொல்கிறார்கள். மச்சத்தில் கத்தி பட்டால் புற்றாகிவிடும் என்று டாக்டரிடம் வர மறுக்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தச் சுண்ணாம்பு டப்பாவை உள்ளே எடுத்து வையுங்கள். அது தோலைப் பொசுக்கிவிட்டால், திட்டின் ஓரமும் நிறமும் எப்படி இருந்தன என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

முள் குத்திய ரத்தக்கட்டு என்றால் தோல் உரிய உரியச் சில வாரங்களில் மறைந்திருக்கும். வருடக்கணக்கில் நின்று பரவவும் செய்தால் மெலனோமா என்கிற தோல் புற்றுநோயா என்று பார்த்தே ஆகவேண்டும். நம் நிறத்தவர்களுக்கு இது அரிதுதான். ஆனால் வரும்போது பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று பார்த்து வருகிறது. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1977இல் நோய் தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்துவிட்டார்.

என்னிடம் வந்த ஒரு விவசாயி, கால் ஆணி என்று நினைத்து இரண்டு முறை பிளேடால் சீவியிருந்தார். தயவுசெய்து அதுவும் வேண்டாம்.

கத்தி பட்டுப் புற்று வராது. முற்றியபின் அறுத்து, பிறகு பரவினால் பழி கத்தி மேல் விழுகிறது, அவ்வளவுதான். தோல் மருத்துவர் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். உள்ளங்காலிலும் கைரேகை போல மேடு பள்ளம் உண்டு. சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும், மெலனோமாவில் மேட்டில் ஏறும். சந்தேகம் இருந்தால் சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பார். நோய் என்றே வந்தாலும், ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு வெட்டி எடுப்பதே போதும்.

ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைத்து இன்றே போட்டோ எடுங்கள். ஆனால் மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், இந்த வாரமே கூட்டிப் போங்கள். மருதாணி, நகப்பூச்சு இல்லாமல் போகட்டும். நகத்தையும் பார்க்க வேண்டும். பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பது நமக்குச் சகஜம். ஒரே நகத்தில் கோடு அகன்று, நகக்கண் தோலும் கறுத்திருந்தால் சொல்லுங்கள்.

டாக்டர் முன்னால் காலை நீட்டுவதா என்று அம்மா கூச்சப்படுவார். எங்களிடம் வருகிற அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான்; செருப்பைக் கழற்ற வைப்பதற்கே ஐந்து நிமிடம் ஆகும்.