ரப்பர் நிழலில் ஆரோக்கியப்பச்சை கருகுவது ஏன்?

கேள்வி: குலசேகரம் அருகே ஒன்றரை ஏக்கரில் பால் வெட்டும் ரப்பர் நிற்கிறது. தெரிந்தவர் மலையிலிருந்து கொண்டுவந்த ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகைச் செடிகள் இருபதைக் கார்த்திகையில் மரங்களுக்கிடையே நட்டேன். தை கடைசியில் இலைகள் நடுவில் வெளுத்து, ஓரம் காகிதம்போல் காய்ந்துவிட்டன. இரண்டு முறை யூரியா வைத்தும் தேறவில்லை. செடி பிழைக்குமா? தோட்டம் முழுவதும் நடலாமா?

பதில்: இது நோயல்ல, வெயில். தையில் ரப்பர் இலை கொட்டி மொட்டையாக நிற்பது உங்களுக்குத் தெரியாததா? நட்டபோது இருந்த நிழல், செடி வேர் பிடிக்குமுன் போய்விட்டது. அழுகலாக இருந்தால் காம்பின் அடி கொழகொழத்து இலை மஞ்சளாகச் சாய்ந்திருக்கும். உங்கள் இலையோ தொட்டால் நொறுங்கும்.

அகத்தியமலைத் தொடரில் ஓடைக்கரை நிழலில், மட்கிய சருகுக்குள் வளர்வது இது. காச்சில் எனும் பெருவள்ளிக் கிழங்குக்குத் தூரத்து உறவு. இதன் உயிர் மண்ணுக்குள் கிடக்கும் வேர்த்தண்டில். விரலால் மண்ணை விலக்கி அதை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் துளிர்க்க வாய்ப்புண்டு. நசுங்கினால் எடுத்துப் போட்டுவிடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். காய்ந்த இலைகளை மட்டும் கிள்ளி, மேலே ஓலைப் பந்தல் போட்டு, சருகு மூடாக்கு இடுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. மழை பிடித்ததும் பலா, அயனி போன்று ஒரேயடியாக இலை கொட்டாத மரத்தடிக்கு மாற்றிவிடுங்கள்.

தோட்டம் முழுவதும் வேண்டாம். 1987-இல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடி மக்கள் இதன் காயைத் தின்று களைப்பில்லாமல் நடந்ததும், கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் தோட்ட நிறுவனம் இதன் இலையைச் சேர்த்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, தனக்குக் கிடைத்த உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியதும் பெரிய கதை. கதையின் புகழை நம்பி ஒன்றரை ஏக்கரை ஒப்படைக்காதீர்கள். முதலில் இலையை வாங்குபவர் யார், என்ன விலை என்று எழுத்தில் பேசுங்கள்.

இன்னொன்று: செடி வந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை. சரணாலயத்துக்குள் செடி பிடுங்குவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இனி மலையிலிருந்து ஒன்றும் வாங்காதீர்கள். பிழைப்பவை புதர்கட்டிய பின் வேர்த்தண்டைப் பிரித்து நட்டே பெருக்கலாம்.

வருமானம்தான் நோக்கமென்றால், தென்னை இருந்தால் அதன் ஊடே சித்தரத்தை போடுங்கள். தோண்டி எடுக்க ஒன்றரை ஆண்டாவது பொறுக்க வேண்டும். ஆனால் நாட்டுமருந்துக் கடையில் அதை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.