கொசஸ்தலையாறும் அமேசானும் ஒரே வகை ஆறுதானா?

இரண்டுமே வெப்பமண்டல ஆறுகள்தானே, பிறகு ஏன் நம்முடையது பாதி வருஷம் வறண்டு கிடக்கிறது என்று மணலியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெப்பமண்டலம் என்பது ஆறு இருக்கும் இடத்தைத்தான் சொல்லும், அதன் குணத்தைச் சொல்லாது.

முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீர் எப்போது வருகிறது, எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆறு நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்கிறது. வடக்கே மழை ஓய்ந்தால் தெற்கே பிடித்துக்கொள்ளும், அதனால் ஓட்டம் பெரிதாகக் குறைவதே இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றில் வருஷத்துக்கு ஒரே பெரிய வெள்ளம், அப்போது அதில் சேரும் கம்போடியாவின் தொன்லே சாப் ஆறு திரும்பி அதே பெயருள்ள ஏரியை நோக்கி ஓடும். நம் கொசஸ்தலை பருவ ஆறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பாய்வதோடு சரி. அதிலும் 1944-இல் கட்டிய பூண்டி அணை மேலேயே பிடித்து வைப்பதால், மணலிக்கு வரும் வெள்ளம் மதகு எப்போது திறக்கிறது என்பதையும் பொறுத்தது.

அப்புறம் சரிவு, படுகை, நீரின் நிறம். பிரேசிலின் மனௌஸ் நகரருகே அமேசானின் கறுத்த கிளையாறான ரியோ நெக்ரோவும், ஆண்டிஸ் மலை வண்டல் கலந்த சோலிமோயஸும் (அமேசானின் மேல்பகுதிக்கு அங்கே இந்தப் பெயர்) சில கிலோமீட்டர் கலக்காமலே பக்கத்தில் பக்கத்தில் ஓடும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் கோடையில் நின்று பாருங்கள்: ஆற்றுக்குத் தள்ளும் வலு இல்லாததால் கடல் மணலைத் திட்டாகப் போட்டு வாயை அடைக்கப் பார்க்கும், உள்ளே ஏறுவது உப்புத் தண்ணீர்தான். அந்தப் பகுதியை ஆறு என்பதைவிடக் கழிமுகம் என்று வகைப்படுத்துவதே சரி. அங்கே இறாலும் நண்டும் வளர்வது இந்த உப்பும் நன்னீரும் கலப்பதால்தான்.