சிற்றூர்க் கிளை மேனேஜர் பொது மேலாளர் வரை போக முடியுமா? ஊரோடு எப்படிப் பழகுவது?

கேட்டவர் பொதுத்துறை வங்கியில் ஸ்கேல் 2 மேனேஜர். நகரக் கிளையில் இருப்பவர்கள்தான் மேலே போவார்கள், தான் இங்கேயே தேங்கிவிடுவோமோ என்பது அவர் கவலை. ஊர்க்காரர்களோடு எவ்வளவு நெருங்கலாம் என்பதையும் கேட்டிருக்கிறார்.

தேங்க மாட்டீர்கள். ரிசர்வ் வங்கிக் கணக்கில் 10,000 பேருக்குக் குறைந்தால் கிராமம், அதிலிருந்து 1 லட்சத்துக்குள் சிற்றூர். இந்த இரண்டில் ஒரு வகைக் கிளையிலாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதைப் பல வங்கிகள் பதவி உயர்வுக்கு நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. படிகள் தெரிந்தவைதான்: ஸ்கேல் 3 முதுநிலை மேலாளர், 4 முதன்மை மேலாளர், 5 உதவிப் பொது மேலாளர், 6 துணைப் பொது மேலாளர், 7 பொது மேலாளர். ஜேஏஐஐபி, சிஏஐஐபி என்ற வங்கித் தேர்வுகளை முடிக்காமல் இருந்தால் இந்த ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மண்டல அலுவலகத்துக்குப் போனபின் படிக்க நேரம் கிடைக்காது.

சிற்றூர்க் கிளையில் ஒருவரை மேலே ஏற்றுவதும் கீழே தள்ளுவதும் கடன் கோப்புகள்தான். டெபாசிட் இலக்கு தவறினால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. கடனில் கோட்டை விட்டால் விஜிலென்ஸ் விசாரணை வரும். அது முடியும்வரை பதவி உயர்வு முடிவு பிரிக்கப்படாமல் மூடிய உறையிலேயே கிடக்கும்.

முதலில் நகைக்கடனைப் பாருங்கள். அடகுக்கு வரும் எல்லா நகையையும் ஒரே மதிப்பீட்டாளர் பார்ப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. உரைகல் மேற்பரப்பை மட்டுமே சொல்லும். கனமாக முலாம் பூசிய வளையல் அதில் தேறிவிடும். கல், அரக்கு இல்லாத கெட்டி நகையாக இருந்தால் தண்ணீரில் எடை போட்டுப் பாருங்கள். 22 காரட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 17.7 மடங்கு. அதனால் 40 கிராம் வளையல் தண்ணீருக்குள் ஏறக்குறைய 2.3 கிராம்தான் எடை குறைய வேண்டும். 3, 3.5 என்று குறைந்தால் உள்ளே செம்போ வெள்ளியோ இருக்கிறது. உள்கூடான நகைக்கு இந்தச் சோதனை செல்லாது, காற்று கணக்கைக் கெடுத்துவிடும். மோசடி நடக்கும் கிளைகளில் அடையாளங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: நாலைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வரும், ஒரே வார்ப்பில் செய்ததுபோல் புது வளையல்கள் இருக்கும், கூட்டமான நாளில் அடகு வைப்பார்கள், எந்த நகையும் மீட்கப்படாமல் புதுப்பித்துக்கொண்டே போகும். வேறு கிளை மதிப்பீட்டாளரை முன்னறிவிப்பில்லாமல் வரவழைத்து, பைகளை நீங்களே தேர்ந்தெடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஸ்ட்ராங் ரூமின் இரண்டு சாவியும் ஒருவர் கைக்கு ஒரு நிமிடம்கூடப் போகக் கூடாது. அவசரத்துக்கு என்றாலும் கூடாது.

அடுத்தது காலாவதி. புரோநோட்டுக்கு ஆயுள் 3 ஆண்டு. அது முடிவதற்குள், கடன் பாக்கி இருக்கிறது என்று கடன்தாரர் ஒப்புக்கொள்ளும் கடிதம் வாங்க வேண்டும். ஜாமீன்தாரரிடமும் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். காலம் கடந்தபின் வாங்கும் வெறும் ஒப்புதல் கடிதத்தால் கெடு திரும்பாது. கிளையில் பொறுப்பேற்ற முதல் வாரமே அடுத்த 6 மாதத்தில் காலாவதியாகும் பத்திரங்களைப் பட்டியல் எடுங்கள். ஏற்கெனவே காலாவதியானவை இருந்தால் எழுத்தில் மேலே தெரிவித்துவிடுங்கள், இல்லையென்றால் முந்தையவரின் தவறு உங்கள் தலையில் விழும்.

பயிர்க்கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் மட்டும் போதாது, வயலுக்குப் போய்ப் பாருங்கள். குறுகிய காலப் பயிரென்றால் இரண்டு பருவம், நீண்ட காலப் பயிரென்றால் ஒரு பருவம் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். சுய உதவிக் குழு வந்தால் தீர்மான நோட்டைப் புரட்டுங்கள். 6 மாதக் கூட்டமும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால் அது கடனுக்காக எழுதிய நோட்டு. தலைவியை விட்டுவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருக்கும் உறுப்பினரிடம் போன வாரம் யார் உள்கடன் வாங்கினார் என்று கேளுங்கள்.

இனி ஊர். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எல்லாவற்றுக்கும் போங்கள், ஆனால் கடன்தாரர் அனுப்பும் காரில் போகாதீர்கள். கோயில் திருவிழாவுக்கு உங்கள் கைக்காசில் நன்கொடை கொடுக்கலாம். கமிட்டிப் பொருளாளர் பதவி வேண்டாம். அந்தக் கணக்கு உங்கள் கிளையில்தான் இருக்கும், ஒரு சண்டை வந்தால் இரண்டு பக்கமும் கவுண்டருக்கு வந்து நிற்கும். யாருக்கும் ஜாமீன் போடாதீர்கள், வாடிக்கையாளரிடம் கைமாற்று வாங்காதீர்கள். நடத்தை விதி இருக்கட்டும், அதன்பிறகு அவரிடம் வசூலுக்குப் போக உங்களுக்கு வாய் வராது. ஊர்ப் பெரியவர் கேட்கும் கடனைத் தர முடியாதென்றால் காரணத்தோடு இரண்டு நாளில் சொல்லிவிடுங்கள். ‘ஏரியா ஆபீஸ்ல நிக்குது’ என்று பொய் சொல்லி இழுப்பதைத்தான் ஊர் மன்னிக்காது. மறுத்ததைப் பொறுத்துக்கொள்வார்கள்.

நான் மிக முக்கியமாக நினைக்கும் ஒன்று: வாடிக்கையாளர் யாராவது இறந்தார் என்று கேள்விப்பட்டால் அவர் கணக்கில் மே மாதக் கடைசியில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். 436 பிடித்திருந்தால் மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, குடும்பத்துக்கு 2 லட்சம். 20 என்றால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு, விபத்து மரணமாக இருந்தால் 2 லட்சம். பல வீடுகளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேட்டு வரட்டும் என்று காத்திருக்காமல் ஆளை அனுப்பி, இறப்புச் சான்றும் நியமனதாரர் விவரமும் வாங்கி 30 நாளுக்குள் விண்ணப்பத்தை அனுப்புங்கள். கிளை மேல் ஊருக்கு வரும் நம்பிக்கை இங்கேதான் தொடங்குகிறது, வசூலுக்குப் போகும்போது கதவு திறப்பதும் அதனால்தான்.

ஸ்கேல் 5க்கு மேல் வேலை மாறிவிடும். பல கிளைகளின் கோப்புகளை உட்கார்ந்த இடத்திலிருந்து படித்தே முடிவெடுக்க வேண்டும். வயலையும் நகைப் பையையும் நேரில் பார்த்தவருக்குத்தான் காகிதத்தில் எது பொய் என்று தெரியும். நேர்முகத்தில் பொதுவாகப் பேசாமல் கிளையை ஏற்றபோதும் விட்டபோதும் இருந்த டெபாசிட், கடன், வாராக்கடன் எண்களைச் சொல்லுங்கள். பொது மேலாளருக்கு மேல் செயல் இயக்குநர் தேர்வு வங்கியின் கையில் இல்லை. 2022 ஜூலை முதல் எஃப்எஸ்ஐபி (நிதிச் சேவை நிறுவனங்கள் பணியகம்) என்ற அமைப்பு பரிந்துரைக்க, மத்திய அரசு நியமிக்கிறது.

மாறுதல் வரும்போது அடுத்தவருக்குச் சிக்கலான ஒவ்வொரு கணக்குக்கும் அரைப்பக்கம் எழுதி வையுங்கள்: அறுவடை எந்த மாதம், வீட்டில் யாரிடம் பேசினால் பணம் வரும், ஜாமீன்தாரர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்.