எக்ஸ் வகை எச்சரிக்கை வந்தால் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டுமா?

கேள்வி: வேலூரில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். ஒரு வருடமாகக் கைபேசிச் செயலி வழியாகச் சூரிய வெடிப்புகளைக் கவனித்து வருகிறேன். போன வாரம் அதிகாலை 2.30 மணிக்கு ‘எக்ஸ் வகை வெடிப்பு’ என்று சிவப்பு எச்சரிக்கை வந்தது. பயந்துபோய் ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இனி எந்த எச்சரிக்கையை நம்புவது? என்னிடம் ஒரு சிறிய தொலைநோக்கி இருக்கிறது. அதில் வெடிப்பைப் பார்க்க 1,500 ரூபாய்க்கு ஃபில்டர் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: ஃபிரிட்ஜ் ஓடட்டும், ஐயா. ஃபில்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் பயந்த விஷயத்தில் ஆபத்து இல்லை, ஆசைப்பட்ட விஷயத்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 2.30 மணி. வெடிப்பிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்கள் ஒளியின் வேகத்தில் வருகின்றன. சுமார் 8 நிமிடத்தில் பூமியைத் தொட்டுவிடும். செயலி உங்களை எழுப்பும்போது அவை வந்து சேர்ந்தாயிற்று. வந்தாலும் பகலாக இருக்கும் பாதி பூமியின் மேல்தான் விழும். வேலூரில் அப்போது நடு இரவு. காற்றுமண்டலம் அந்தக் கதிர்களை மேலேயே உறிஞ்சிவிடுவதால் பகலில் வந்தாலும் உங்கள் உடம்பையோ ஃபிரிட்ஜையோ அவை தொடாது. சிற்றலை வானொலி கொஞ்ச நேரம் மங்கும், அவ்வளவுதான். செயலிகள் பெரும்பாலும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தைத்தான் காட்டும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள். நமக்கு இரவு என்றால் திரும்பிப் படுத்துத் தூங்கலாம்.

இந்த ஒரு வரியை எச்சரிக்கையோடு சேர்த்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. செய்தித்தாள்களும் நெருப்புக் கோளப் படத்தைப் போட்டு ‘பூமியை நோக்கி வரும் ஆபத்து’ என்று எழுதுகின்றன. ‘இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை கைபேசியை அணையுங்கள், விண்கதிர் வருகிறது’ என்ற வாட்ஸ்அப் வதந்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. நம் வரிப்பணத்தில் போன ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 ஜனவரி 6 முதல், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் வெடிப்பின் எக்ஸ் கதிரை அளக்கவே இரண்டு கருவிகள் உண்டு. ஆனால் அந்தத் தரவை எடுக்க இணையதளத்தில் பதிவு செய்து, ஆராய்ச்சியாளருக்கான கோப்புகளை இறக்க வேண்டும். மழை அறிக்கை மாதிரி ‘இன்று நமக்குப் பாதிப்பு இல்லை’ என்று தமிழில் இரண்டு வரி தினமும் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அது இல்லாததால்தான் உங்களைப் போன்றவர்கள் மாதச் சந்தா கேட்கும் செயலிகளிடம் போய் மாட்டிக்கொள்கிறீர்கள். அவற்றில் பல காட்டும் வரைபடம் அமெரிக்க அரசின் வானிலை ஆய்வு அமைப்பான நோவா எல்லோருக்கும் இலவசமாகத் தருவதுதான். காசு கட்டாதீர்கள்.

எக்ஸ் என்பது வெடிப்புகளில் மிகப் பெரிய வகை. ஆனால் அந்த எழுத்து வெடிப்பின் பிரகாசத்தை மட்டுமே குறிக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை உலுக்குவது வேறு: சூரியன் சில வெடிப்புகளோடு சேர்த்து வீசியெறியும் பிளாஸ்மா, அதாவது மின்னேறிய வாயு மேகம். அது வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். 2014 அக்டோபரில் பிரம்மாண்டமான ஒரு கரும்புள்ளிக் கூட்டம் ஆறு எக்ஸ் வகை வெடிப்புகளைக் காட்டியது, ஆனால் பூமியில் பெரிய காந்தப் புயல் வரவில்லை. 2024 மே மாதத்தில் அடுத்தடுத்துக் கிளம்பிய பல மேகங்கள் சேர்ந்து வந்து மோதின. மே 10 இரவு 10.30 வாக்கில் நமக்குத் தொடங்கிய அந்தப் புயல் 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரியது. காந்தப் புயலின் கடுமையை 0 முதல் 9 வரை அளக்கும் கே.பி. எண் அதிகபட்சமான 9-ஐத் தொட்டது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைக் கேமராக்கள் பதிவு செய்தன. நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக் மாகாணம் இருண்டது உண்மை. அங்கே மின்னோட்டம் தூண்டப்பட்டது பல நூறு கிலோமீட்டர் நீண்ட உயர் அழுத்தக் கம்பிகளில். உங்கள் வீட்டு வயருக்கு அந்த நீளம் இல்லை. ஆகவே எழுத்தை விட்டுவிட்டு அடுத்த மூன்று நாள் கே.பி. முன்னறிவிப்பைப் பாருங்கள். 7-க்குக் கீழே என்றால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதோடு சரி.

சூரியனால் நமக்குப் பாதிப்பில்லை என்பதற்கு ஒரே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதை யாரும் சொல்வதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய கேரளத்தின் தும்பாவைத் தளமாகத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். இந்தக் கோட்டுக்கு அருகே சூரியன் மறைந்ததும் அயனி மண்டலம் (காற்றுமண்டலத்தின் உச்சியில் மின்னேறிய துகள்கள் நிறைந்த அடுக்கு) மேலே எழும்பும், அதன் அடிப்பக்கத்திலிருந்து அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்பும். ஜி.பி.எஸ். சிக்னல் அவற்றின் வழியே வரும்போது மினுங்கும், சில சமயம் அறுந்தே போகும். மாலை 7 மணியிலிருந்து நள்ளிரவு வரை, அதிலும் மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டி, சூரியன் உச்சச் சுறுசுறுப்பில் இருக்கும் வருடங்களில் இது அதிகம். வெடிப்பே நடக்காத நாளிலும் வரும். வழி காட்டும் கைபேசிக்கு இது பொருட்டில்லை. சென்டிமீட்டர் கணக்கில் நிலம் அளப்பவருக்கும் இருட்டில் ட்ரோன் ஓட்டுபவருக்கும் பொருட்டு. உங்களுக்குத் தெரிந்த சர்வேயர் யாராவது இருந்தால் அளவை வேலையைப் பகலிலேயே முடிக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த 1,500 ரூபாய். ஆர்வலர்களை ஏமாற்றுபவர்களில் இந்த ஃபில்டர் வியாபாரிகள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அவர் தருவது கண்வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி என்றால் அதைக் கையில்கூட வாங்காதீர்கள். தொலைநோக்கியின் முகப்பு திரட்டும் வெயில் முழுவதும் குவிந்து அந்தச் சின்னக் கண்ணாடி மேல் இறங்குகிறது. சூட்டில் அது விரிசல் விடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விடும். விழித்திரை வெந்துபோனால் வலிகூடத் தெரியாது, திரும்பி வரவும் வராது. மலிவான தொலைநோக்கிகளின் பெட்டிக்குள்ளேயே இது வந்திருக்கும். இருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள், மாணவர் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்புக் கண்ணாடி, இரண்டு கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது.

முகப்பை முழுவதும் மூடும் சூரியத் தகடு (சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த ஃபில்டர்) நல்லது. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பார்த்து, காற்றில் பறக்காதபடி கட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிறு குறிநோக்கியையும் மூடியிருக்க வேண்டும். ஆனால் அதில் தெரிவது கரும்புள்ளிகள்தான், வெடிப்பு தெரியாது. வெடிப்பைப் பார்க்க ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்ற 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியை மட்டும் விடும் தனித் தொலைநோக்கி வேண்டும். அதன் விலை அரை லட்சத்தைத் தாண்டும். 1,500 ரூபாயில் வெடிப்பைக் காட்டுகிறேன் என்பவர் பொய் சொல்கிறார்.

வெடிப்பை நீங்களே பிடிக்க வேண்டுமென்றால் கண்ணை விட்டுவிட்டுக் காதுக்கு வாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படை நிலையம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸ் வானொலி அலையில் ரகசியச் செய்தி அனுப்புகிறது. வெடிப்பின் எக்ஸ் கதிர் அயனி மண்டலத்தின் அடித்தளத்தை மாற்றியதும் அந்த சிக்னலின் வலிமை திடீரென்று மாறும். கம்பியைச் சட்டத்தில் பல சுற்று சுற்றிய ஆன்டெனா, ஒரு சிறிய பெருக்கி, 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யும் கணினி ஒலி அட்டை, இவை போதும். செய்தியைப் படிக்க முடியாது, நமக்கு அது தேவையும் இல்லை. வலிமை மட்டும் போதும். அனுப்பும் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நேரடி அலையே எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வேலூர் நல்ல தூரம். முதல் ஒரு வாரம் வெடிப்பைத் தேடாமல், சூரிய உதயத்திலும் மறைவிலும் கணினித் திரையில் வலிமைக் கோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று மட்டும் பதிவு செய்யுங்கள். டியூப் லைட்டும் எல்.இ.டி. பல்புகளும் கிளப்பும் இரைச்சல் அதற்குள் தெரிந்துவிடும். ஆன்டெனாவை மொட்டை மாடிக்கு மாற்றுவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.