கிலோமீட்டருக்கு எத்தனை சென்? வாசகர் கேள்வி-பதில்

சுங்கை சிப்புட் பக்கம் நாலு பேர் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் பேச்சு பெட்ரோல், டீசல் எண்ணெய் விலைக்குத்தான் போகிறது. எனக்கு வந்த கேள்விகளிலும் முக்கால்வாசி அதுவே. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துவிட்டு, மிச்சத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, நான் தினமும் இங்கிருந்து ஈப்போவுக்கு மைவி காரில் வேலைக்குப் போகிறேன், போக வர 60 கிலோமீட்டர். எண்ணெய்க்கே சம்பளம் போகிறது. எப்படிக் குறைப்பது?

தம்பி, குறைப்பது இருக்கட்டும், முதலில் உங்கள் காடி எவ்வளவு குடிக்கிறது என்று தெரியுமா? நான் கேட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் "வாரம் ஐம்பது வெள்ளிக்கு ஊத்துவேன்" என்கிறார்கள். அது கணக்கே இல்லை. டேங்க் நிறைய ஊற்றி, பம்ப் தானாக நின்றதும் ஓடோமீட்டர் எண்ணை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பம்ப் நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் என்று அமுக்க வேண்டாம். அடுத்த முறையும் அதே ஸ்டேஷனில், முடிந்தால் அதே பம்பில், நிறைய ஊற்றுங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கணக்கு. இப்படி மூன்று தடவை செய்து பாருங்கள், ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

இப்போது கணக்கைப் போடுவோம். மாதம் 24 நாள் வேலை என்றால் 1,440 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 96 லிட்டர் போதும், 12 தான் ஓடுகிறது என்றால் 120 லிட்டர் வேண்டும். அரசாங்கத்தின் புடி95 பெட்ரோல் சலுகைத் திட்டம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி தொடங்கியபோது வைத்த 1.99 வெள்ளி விலையில் பார்த்தால் முதலாவது 191 வெள்ளி, இரண்டாவது 239 வெள்ளி. விலை ஒரு சென் கூட ஏறாமலே மாதம் 48 வெள்ளி கையைவிட்டுப் போகிறது. அப்போது ஒருவருக்கு அந்த விலையில் மாதம் 300 லிட்டர் என்று கோட்டா வைத்தார்கள், உங்கள் ஓட்டத்துக்கு அதில் பாதிகூட ஆகாது. அதனால் கோட்டாவை நினைத்துக் கவலைப்படாமல் அந்த 12-ஐ 15 ஆக்குவதைப் பாருங்கள்.

அந்த 48 வெள்ளி எங்கே போகிறது? பெரும்பகுதி வலது கால் செய்யும் வேலை. செம்மோர் வழியாகப் பழைய சாலையில் போகிறவர்களைப் பாருங்கள், எதிரே சிக்னல் சிவப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தும் கடைசி வரை மிதித்துக்கொண்டே போய் பிரேக் போடுகிறார்கள். அந்த பிரேக்கில் சூடாகிக் கரைவது காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்தான். தூரத்திலேயே காலை எடுத்துவிட்டால் காடி தானே மெதுவாகும், பாதி நேரம் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பச்சையும் விழுந்துவிடும். ஹைவேயில் 110-க்குப் பதில் 90-ல் போங்கள், வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். 30 கிலோமீட்டரில் நாலு நிமிடம்கூடத் தாமதமாகாது.

டயர் காற்று முக்கியம்தான், ஆனால் ஊரில் சொல்கிற அளவுக்கு எண்ணெய் மிச்சமாகாது. நாலு டயரிலும் ஐந்தாறு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் எண்ணெய்ச் செலவு நூற்றுக்கு ஒரு வெள்ளி அளவில் கூடும், அவ்வளவுதான். டயர் சீக்கிரம் தேய்வதுதான் பெரிய நஷ்டம், ஒரு செட் மாற்றும்போது வலிக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் பாருங்கள், ஈப்போ போய்விட்டு வந்து சூட்டோடு பார்த்தால் கூடக் காட்டும்.

இன்னொன்று, இது செலவில்லாத சோதனை. வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் ரிம் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். என் பழைய காடியில் பின் சக்கரம் ஒன்று இப்படித்தான் இருந்தது. பட்டறையில் கழற்றி, துருவைத் தேய்த்துக் கிரீஸ் போட்டுக் கொடுத்த பிறகு, என் நோட்டில் 11.8 என்று இருந்தது 13.4 ஆனது. அதற்கு முன் இரண்டு மாதம் எண்ணெய் ஸ்டேஷன்காரர் மேல்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், பாவம்.

உங்கள் தாமானிலிருந்து அதே பக்கம் வேலைக்குப் போகிறவர் இரண்டு பேர் கிடைத்தால் ஆளுக்கு ஒரு வாரம் காடி எடுங்கள். மேலே சொன்ன எதையும்விட இதில்தான் அதிகம் மிச்சம், செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும். காசு வாங்கி ஆள் ஏற்றாமல் முறை வைத்துக் காடி எடுப்பது நல்லது, இன்சூரன்ஸ் சிக்கல் வராது.

கேள்வி: எங்கள் அப்பா தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து ரப்பர் பால் வெட்டியவர், இன்னும் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசிதான். இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளில்தான் கோயிலுக்கும் கடைக்கும் போவார். அவருக்கு மட்டும் கூடுதல் விலையா?

ஆமாம் அம்மா. புடி95 சலுகை குடியுரிமையும் செல்லுபடியாகும் லைசென்ஸும் உள்ளவர்களுக்குத்தான், அதுவும் மைகாட் அடையாள அட்டையைக் கொண்டு. நிரந்தரவாசிகள் அதில் இல்லை. தொடங்கிய சமயத்தில் மற்றவர்களுக்கு லிட்டர் 2.60, அதாவது 61 சென் கூடுதல்.

பணக் கணக்கை மட்டும் பார்த்தால், ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று வைத்தாலும் 520 கிலோமீட்டர். அப்பாவுடையது மாதிரி கப்சாய் மோட்டார் லிட்டருக்கு 45 ஓடும் என்றால் பன்னிரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும், வித்தியாசம் ஏழு வெள்ளி. இந்த மண்ணில் எழுபது வருடம் இருந்த மனுசன் கவுண்டரில் நின்று "உங்களுக்கு இல்லை" என்று கேட்டுக்கொள்வதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, அது வேறு கணக்கு. குடியுரிமை மனு போட்டிருந்தால் அதை விடாமல் பின்தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மைகாட்டை அப்பா கையில் கொடுத்தனுப்பாதீர்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் அந்த மோட்டாரை நீங்களே ஓட்டிக்கொண்டு போய், உங்கள் கோட்டாவில் நீங்களே ஊற்றிக்கொண்டு வாருங்கள். கோட்டா ஆளுக்குத்தான், வண்டி எண்ணுக்கு இல்லை.

இதோடு சேர்த்து குடியுரிமை உள்ள நீல ஐசிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: லைசென்ஸ் காலாவதியாகி இருந்தாலும் சலுகை கிடைக்காது. நம் தோட்டத்துப் பெரியவர்களில் பல பேர் "யார் பிடிக்கப் போகிறார்கள்" என்று புதுப்பிக்காமலே ஓட்டுகிறார்கள். மோட்டார் லைசென்ஸ் வருடத்துக்கு 20 வெள்ளி, காடிக்கு 30. மூன்று வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி பரீட்சை எழுதி எடுக்க வேண்டியதுதான், அதற்கு முன் போய்ப் புதுப்பித்துவிடுங்கள்.

கேள்வி: பசார் மாலாம் இரவுச் சந்தையில் 39 வெள்ளிக்கு ஒரு கருவி விற்கிறார்கள். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் எண்ணெய் முப்பது விழுக்காடு மிச்சமாம். வாங்கலாமா?

வேண்டாம். நானும் ஒரு காலத்தில் வாங்கியவன்தான், எனக்கு வெட்கமில்லை, சொல்கிறேன். இரண்டு மாதம் சொருகி வைத்தேன், நோட்டில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு நாள் கோபத்தில் ஸ்குருடிரைவர் வைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு பச்சை விளக்கு, ஒரு ரெசிஸ்டர், சின்னதாக ஒரு பலகை, விளக்கு எரிவதைத் தவிர அது வேறு எந்த வேலையும் செய்வதில்லை. எண்ணெய்க் குழாயில் கட்டும் காந்தமும் டேங்கில் போடும் மாத்திரையும் இதே குடும்பம்தான். "எண்ணெய் முழுசாக எரியவில்லை, இது எரிய வைக்கும்" என்பார்கள். இன்ஜெக்ஷன் எஞ்சின் ஏற்கெனவே ஏறக்குறைய முழுவதையும் எரித்துவிடுகிறது. எரிந்த பிறகு பெரும்பகுதி சூடாக ரேடியேட்டர் வழியும் புகைக்குழாய் வழியும் போய்விடுகிறது, அதை எந்தக் காந்தம் பிடித்துக் கொடுக்கும்?

ரசீது தரும் கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். பசார் மாலாமில் வாங்கியதற்கு யாரைத் தேடுவீர்கள், அடுத்த வாரம் அந்த இடத்தில் அப்பம் பாலேக் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: 97 பெட்ரோல் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது, தூரமும் ஓடும் என்கிறார்களே?

மைவி, ஆக்சியா, சாகா எல்லாம் 95-க்கே செய்தவை. 95, 97 என்பது எஞ்சினில் தட்டும் சத்தம் வராமல் தாங்கும் அளவு, அதில் சத்து அதிகம் என்று அர்த்தமில்லை. உங்கள் காடிக் கையேட்டில் 97 என்று போட்டிருந்தால் ஊற்றுங்கள், இல்லையென்றால் அந்தக் காசுக்கு எஞ்சின் ஆயில் மாற்றுங்கள்.

கேள்வி: டீசல் பிக்கப் வைத்துச் செம்பனைக் குலை ஏற்றுகிறேன். எங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

நியாயமான கோபம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2.15-லிருந்து 3.35 ஆனது, லிட்டருக்கு 1.20 வெள்ளி. பிறகு வாரா வாரம் மாறுகிறது, புதன்கிழமை அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அப்போது புடி மடானி என்ற டீசல் உதவித்தொகை மாதம் 200 வெள்ளி என்றார்கள், சிறுதோட்டக்காரர்களுக்குத் தனிப் பிரிவும் வைத்தார்கள். 200-ஐ 1.20-ஆல் வகுத்தால் 166 லிட்டர் வரும், அந்த விலையில் அதற்குள் ஓட்டுகிறவருக்கு நஷ்டமில்லை, அதற்கு மேல் ஓட்டுகிற உங்களைப் போன்றவருக்குத்தான் கடிக்கிறது.

உங்கள் கையில் இருப்பது ஒன்று சொல்கிறேன். ஆலை வாசலில் எடை போட வரிசையில் நிற்கும்போது எத்தனை பிக்கப் ஏர்கோனைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். வாரம் மூன்று நடை, நடைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 24 லிட்டர், 3.35 விலையில் 80 வெள்ளி. எஞ்சினை அணைத்துவிட்டு மரத்தடியில் போய் நில்லுங்கள், அங்கேதான் ஊர்க்கதையும் கிடைக்கும்.

கேள்வி: இன்சூரன்சும் சாலை வரியும் ஒரே மாதத்தில் வந்து கழுத்தை நெரிக்கிறது. குறைக்க வழி உண்டா?

சாலை வரியைக் குறைக்க முடியாது, 1.3 மைவிக்கு 70, 1.5-க்கு 90, ஆயிரம் சிசி வரை 20, இதுதான் வரி. இதற்கு மேல் கடையில் கொடுப்பது அவர்களுடைய சேவைக் கட்டணம். சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் நீங்களே புதுப்பிக்கலாம், பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தால் ஐந்து நிமிடம்.

பெரிய காசு இன்சூரன்சில் இருக்கிறது. 2017 ஜூலையிலிருந்து கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், அதனால் மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள், பழகிய ஏஜெண்ட் மனசு கோணுமே என்று பார்க்காதீர்கள். அப்புறம் என்சிடி. இழப்பீட்டுக் கோரிக்கை வைக்காமல் ஓட்டினால் இந்தத் தள்ளுபடி வருடா வருடம் 25, 30, 38.33, 45 என்று ஏறி 55 விழுக்காட்டில் நிற்கும். பம்பர் கீறியதற்கு 600 வெள்ளிக் கோரிக்கை வைத்தால் அது பூஜ்யத்துக்கு விழும். அடிப்படைப் பிரீமியம் 900 வெள்ளி என்று வையுங்கள், 55-ல் நீங்கள் கட்டுவது 405. கோரிக்கை வைத்த பிறகு 900, 675, 630, 555, 495 என்று இறங்கி மறுபடி 405-க்கு வர ஐந்து வருடம் ஆகும். கூட்டிப் பார்த்தால் கூடுதலாகக் கட்டியது 1,230 வெள்ளி. 600-ஐ வாங்க 1,230! அடுத்தவர் வந்து மோதி அவர் மேல்தான் தப்பு என்று ஆனால் நாக்-ஃபார்-நாக் முறையில், அதாவது உங்கள் கம்பெனியிடமே, கோருங்கள், அதில் என்சிடி போகாது. இது தெரியாமல் எத்தனையோ பேர் கைக்காசு போட்டுச் சரிசெய்கிறார்கள்.

கேள்வி: கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம்தானே?

இல்லை, ஆபத்துதான். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எஞ்சின் எண்ணெயை நிறுத்திவிடும், நியூட்ரலில் விட்டால் ஓடிக்கொண்டிருக்க எண்ணெய் கேட்கும். பிரேக்கும் சூடேறிக் கைவிடும்.

கேள்வி: கோழிக்கடை வீட்டிலிருந்து 600 மீட்டர். காடி எடுத்தால் வீட்டுக்காரி திட்டுகிறாள். இந்தச் சின்னத் தூரத்தில் என்ன பெரிய செலவு?

ஐயா, அக்கா சொல்வது சரி. குளிர்ந்த எஞ்சின்தான் அதிகம் குடிக்கும், அது சூடேறுவதற்குள் நீங்கள் கோழி வாங்கித் திரும்பிவிடுவீர்கள். வாரம் நாலு தடவை இப்படிப் போனால் பேட்டரியும் சரியாகச் சார்ஜ் ஆகாது. நடந்து போங்கள், நாலு மணிக்கு மேல் என்றால் குடை எடுத்துக்கொண்டு.