பூட்டுக் குறி இருந்தும் போலித் தளமா?

கேள்வி: 'வருமான வரி ரீஃபண்ட் தயார்' என்று மெயில் வந்திருக்கிறது. துறையின் இணைய முகவரியே நீல எழுத்தில் இருக்கிறது. அழுத்தலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: அழுத்தாதீர்கள். நீல எழுத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதி, அதற்கடியில் வேறொரு முகவரியை வைக்க முடியும். கணினியில் மவுஸை லிங்க்கின் மேல் நிறுத்துங்கள், கிளிக் வேண்டாம். பெரும்பாலும் இடது கீழ் மூலையில் அசல் முகவரி தெரியும். செல்போனில் லிங்க்கை அழுத்திப் பிடித்தால் தெரியும். ஆனால் விரல் சட்டென விலகினால் தளம் திறந்துவிடும். கணினியில் பார்ப்பதே நல்லது.

முகவரியைப் படிக்கும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். தளம் யாருடையது என்பதோ வலப்பக்கம் இருக்கிறது. 'எச்டிடிபிஎஸ்' என்பதை அடுத்த இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டுங்கள். பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, பின்னோக்கிப் படியுங்கள். உதாரணத்துக்கு, 'இன்கம்டாக்ஸ்.கவ்.இன்.ரீஃபண்ட்-செக்.காம்/லாகின்' என்றிருந்தால், அது 'ரீஃபண்ட்-செக்.காம்' வைத்திருப்பவரின் தளம். முன்னால் உள்ள அரசுப் பெயர் அவரே ஒட்டிக்கொண்டது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. உண்மையான தளத்தில் 'கவ்.இன்' அந்தச் சாய்கோட்டை ஒட்டியே நிற்கும். அப்படி முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது.

சுருக்கப்பட்ட லிங்க், க்யூஆர் கோடு இரண்டிலும் இந்தச் சோதனை பலிக்காது, போய்ச்சேரும் இடம் மறைந்திருப்பதால். ரீஃபண்ட் நிலையை அறிய, முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

கேள்வி: பூட்டுக் குறி இருந்தால் பாதுகாப்பான தளம்தானே? – வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். மறுமுனையில் இருப்பவர் திருடராகவும் இருக்கலாம். அதற்கான சான்றிதழ் இலவசமாக, சில நிமிடங்களில் கிடைக்கிறது. இந்தத் தவறான நம்பிக்கையால்தான் குரோம் 2023இல் பூட்டுப் படத்தையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

கேள்வி: வங்கி மெயிலுக்கும் இதே முறைதானா? – வாசகி, காரைக்குடி

பதில்: இதே முறைதான். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், அதை ஒட்டியே 'பேங்க்.இன்' இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கொடுத்துவிட்டீர்களா? வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.