கேளுங்கோ, சொல்லுறன்: ஸ்நோவும் பாலர் வகுப்பும்

ரொறன்ரோவில் பாலர் வகுப்பு ஆசிரியையாக வேலை செய்யும் வாசகி ஒருவர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என்ரை பேரனுக்கு மூன்றரை வயது. இந்தக் குளிருக்குள்ளும் டேகெயாரில் ஒவ்வொரு நாளும் ஸ்நோவில் விளையாட விடுகினம். வீட்டுக்கு வந்தால் மூக்குச் சிந்திக்கொண்டே இருக்கிறான். அவனை உள்ளே வைத்திருக்கச் சொல்லிக் கேட்கலாமா?
*ஒரு அம்மம்மா, ஸ்காபரோ*

கேட்கலாம் அம்மா. ஆனால் கேட்காதேங்கோ. ஒன்ராறியோவில் ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ நிற்கிற இந்த வயதுப் பிள்ளைகளை, காலநிலை இடங்கொடுத்தால், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வெளியில் விளையாட விடவேணும் என்பது சட்டம். தாய் தகப்பனோ டொக்டரோ எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. ஆனால் உங்கடை பேரன் உள்ளே நின்றால் அவனுக்காக ஒரு ரீச்சரும் உள்ளே நிற்கவேணும். எட்டுப் பிள்ளைக்கு ஒரு ஆள் என்ற கணக்கில் ஓடுகிற இடத்தில் அது லேசில்லை.

தடிமன் கிருமியால் வாறது. யன்னல் பூட்டின அறைக்குள், எல்லாரும் வாயில் வைத்த விளையாட்டுச் சாமானுக்குள்தான் அது நல்லாப் பரவும். குளிர்காற்றுப் பட்டால் சுகமான பிள்ளைக்கும் மூக்கு ஒழுகும், எனக்கும் ஒழுகும். காய்ச்சல் என்றால் மட்டும் வீட்டில் வைத்திருங்கோ. மைனஸ் 25 பாகைக்குக் கீழே போனாலோ, காற்றோடு சேர்த்து மைனஸ் 28 என்று அறிவித்தாலோ பிள்ளைகளை உள்ளே வைத்திருக்கச் சொல்லுகினம் கனடியக் குழந்தை மருத்துவர் சங்கத்தார்.

நீங்கள் செய்யக்கூடியது உடுப்பில் இருக்கு. கையால் பின்னின மிட்டன் வடிவுதான், ஆனால் ஸ்நோ பட்டதும் ஊறிப்போகும். தண்ணி ஊறாத மிட்டன் இரண்டு சோடி அனுப்புங்கோ. ஸ்காஃப் சுற்றி விடவே வேண்டாம், எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கிப்போடும். கழுத்தோடு நிற்கிற நெக் வோமர் காணும்.

ஸ்நோ பான்ட்ஸ், சப்பாத்து, ஜக்கெற் எல்லாம் மகன் தானே போடப் பழகவேணும் என்று ரீச்சர் சொல்லுறா. காலையில் எனக்கு அதுக்கு எங்கை நேரம்?
*ஒரு அம்மா, மார்க்கம்*

காலையில் நீங்களே போட்டு விடுங்கோ, ஒருத்தரும் கேட்க மாட்டினம். காரில் கொண்டுபோறதென்றால் அந்தத் தடிச்ச ஜக்கெற்றோடு சீற் பெல்ட் போடவும் கூடாது, பட்டி பிள்ளையின் உடம்போடு ஒட்டி நிற்காது. சனி ஞாயிறில் ஆறுதலாகப் பழக்குங்கோ.

ஜக்கெற்றை உள்பக்கம் மேலே தெரிய நிலத்தில் விரியுங்கோ. கழுத்துப் பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்கட்டும். குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டு, தலைக்கு மேலால் தூக்கிப் பின்னுக்கு எறிந்தால் ஜக்கெற் முதுகில் வந்து விழும். அதைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்புக்கே திரும்பத் திரும்பச் செய்வினம். முதலில் ஸ்நோ பான்ட்ஸ், பிறகு சப்பாத்து, ஜக்கெற், தொப்பி. மிட்டன் கடைசி. அதை முதலே போட்டால் சிப் இழுக்க விரல் எங்கை? எல்லாத்துக்கும் முன்னம் பாத்ரூம். எல்லாம் போட்டு முடிந்த பிறகு "ரீச்சர், பாத்ரூம் வருது" என்று சொல்லாத பிள்ளையை நான் இன்னும் காணேல்லை.

எங்கடை வகுப்பில் சிப் பூட்டத் தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்துவன். நாலு வயதுக்காரி முழங்காலில் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, மற்றவனின் சிப்பை அடியில் கோர்த்து இழுக்கிறதைப் பாருங்கோ. அவன் நாடியைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பான். மற்றவர்களில் அன்பாக இருக்கவேணும் என்று வட்டமாக இருத்திவைத்துப் பாடம் சொல்லுறதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இதில் இருக்கு. உடுப்புப் போட அரை மணித்தியாலம் போனால் போகட்டும்.

மகன் வகுப்பில் பொம்மைப் பிள்ளை வைத்து விளையாடுகிறான். இவருக்குப் பிடிக்கேல்லை.
*பெயர் வேண்டாம், பிரம்ரன்*

இவர் உங்கடை மகனைத் தூக்கி வளர்த்தவர்தானே? அதைத்தான் அவன் பார்த்துச் செய்கிறான். பொம்மைக்கு ஜக்கெற் போட்டுப் போட்டே தன்ரை சிப்பையும் பழகிவிடுவான்.

தைப்பொங்கலுக்கு டேகெயாரில் வந்து பிள்ளைகளோடு சேர்ந்து பொங்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். பதினாறு பேர், எல்லாருக்கும் மூன்று நாலு வயது. எனக்குப் பயமாக இருக்கு.
*ஒரு அம்மா, ஏஜாக்ஸ்*

ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஒன்ராறியோ 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் அறிவித்த பிறகு இப்படிக் கேட்கிறது கூடிவிட்டுது. நல்லது, போங்கோ.

முதல் வேலை, கஜுவை மறக்கிறது. அநேகமான டேகெயார்களில் கச்சான், கஜு ஒன்றும் உள்ளே விடாயினம். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவராது என்ற பட்டியல் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கும். சமைக்கிறவவோடு ஒரு கிழமைக்கு முன்னமே கதையுங்கோ. பால் ஒத்துவராத பிள்ளை இருந்தால் தேங்காய்ப்பாலில் பொங்கலாம், எங்கடை ஊரில் அது புதினமில்லை. ஆனால் தேங்காயும் பட்டியலில் இருக்கோ என்று கேளுங்கோ. சாமான்களைப் பெயர் அச்சடித்த பைக்கற்றோடு, உடைக்காமல் கொண்டுபோங்கோ. பிளம்ஸை, அதுதான் உலர்ந்த திராட்சையை, சின்னனாக வெட்டிப் போடுங்கோ.

பதினாறு பேரையும் ஒரு சட்டியைச் சுற்றி இருத்தினால் சண்டைதான். நாலு நாலு பேராகப் பிரியுங்கோ. ஒரு கூட்டம் அரிசி கழுவட்டும், தண்ணி பால்மாதிரி வெளுக்கிறதைக் கண்டால் கையை எடுக்க மாட்டினம். இன்னொரு கூட்டம் வறுத்த பயற்றைச் சுண்டில் அளக்கட்டும். சர்க்கரையைத் தடிச்ச பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு உருளைக்கட்டையால் அடிக்கக் கொடுங்கோ, வாயாடாத பிள்ளை கூட அதில் முன்னுக்கு வரும். வாழைப்பழம் வெட்ட நெளிவுள்ள பிளாஸ்ரிக் கத்தி காணும்.

அடுப்பு மட்டும் பெரியாட்களுக்கு. டேகெயார் விட்டால் மின்சார அடுப்பை ஒரு மூலையில் வைத்து, நிலத்தில் ரேப் ஒட்டி, அந்தக் கோட்டுக்கு அங்காலை பிள்ளைகளை இருத்துங்கோ. பால் பொங்கி வழியிறதைக் காணாமல் என்ன பொங்கல்? விடாவிட்டால் குசினியில் பொங்குறதை ஃபோனில் படமெடுத்துக் காட்டலாம்.

ருசி பார்க்கச் சொல்லி ஒருத்தரையும் வற்புறுத்தாதேங்கோ. சிலர் மணந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பினம், அதுவும் சரி. பழைய சட்டி ஒன்றும் அகப்பையும் கூடக் கொண்டுபோங்கோ. மத்தியானம் வெளியில் ஸ்நோவில் தாங்களே பொங்குவினம். அந்தச் சட்டி திரும்பி வராது, வீட்டில் தேடாத சட்டியாகப் பார்த்து எடுங்கோ.